கோடாலிக்கு முன் பலகையைப் பாருங்கள்: மலையக முற்றத்தில் கோடாலி எறிதல்

ஹப்புத்தளைப் பக்கம் சின்னதாக ஒரு தங்குமிடம் நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அண்ணே, கனடாவில் இருக்கும் மச்சான் கோடாலி எறிகிற விளையாட்டு வீடியோ ஒன்று அனுப்பினார். இங்கே வரும் விருந்தாளிகளுக்கு வீட்டுக்குப் பின்னால் அப்படி ஒன்று போட்டுக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். மூன்று கோடாலி, மடக்கி வைக்கும் பலகை என்று செட்டாக விற்கிறார்கள். எதை வாங்குவது? நம்ம விறகுக் கோடாலியே போதாதா? பிள்ளைகளோடு வரும் குடும்பங்களும் உண்டு. ஆபத்து இல்லாமல் நடத்த முடியுமா?”

முடியும் தம்பி. ஆனால் கேட்ட வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் இடம், அடுத்து பலகை, கடைசியில்தான் கோடாலி. செட் விற்பவர்கள் படத்தில் கோடாலியைத்தான் பளபளவென்று காட்டுவார்கள். கூட வரும் பலகையைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. கோடாலி சுமாராக இருந்தாலும் பலகை நல்லதாக இருந்தால் விளையாட்டு நடக்கும். பலகை மோசமானால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கோடாலியும் எறிந்தவரை நோக்கித் திரும்பி வரும். இந்த விளையாட்டில் நான் அதிகம் பயப்படுவது அப்படித் திரும்பி வரும் கோடாலிக்குத்தான். ஆகவே அதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

மச்சான் அனுப்பிய வீடியோவில் இருக்கும் விளையாட்டு கனடாவிலேயே உருவானது. 2006இல் டொரொண்டோவில் ஒரு வீட்டின் பின்முற்றத்தில் நண்பர்கள் கூடி எறிய ஆரம்பித்தார்கள். அது லீக் ஆகி, பிறகு உள்ளரங்கக் கூடங்களாகப் பல நாடுகளுக்குப் பரவியது. 2017இல் உலகக் கோடாலி எறிதல் லீக் தொடங்கியது. கைக்கோடாலிக்கு இன்று பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகள் இவை: எறிபவர் நிற்கும் கோடு பலகையிலிருந்து 12 அடி. பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 5 அடி உயரம். பலகை நாலடிக்கு நாலடி. இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 12 அடி என்பது சும்மா வைத்த கணக்கு இல்லை. ஏறக்குறைய 14 அங்குலப் பிடியுள்ள கைக்கோடாலியைத் தலைக்கு மேலிருந்து எறிந்தால், அந்தத் தூரத்துக்குள் அது ஒரே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, வாய் முன்னோக்கி வந்து பலகையில் இறங்கும். மரவெட்டிகளின் போட்டிகளில் இரண்டு பக்கமும் வாய் உள்ள பெரிய கோடாலியை 20 அடியிலிருந்து எறிவார்கள். அது வேறு விளையாட்டு. விருந்தாளிகளுக்கு அது வேண்டாம்.

இனி இடம். நம்முடைய மலையகத்தில் ‘பின்முற்றம்’ என்று சொன்னாலும் மேலே ஒரு படிக்கட்டு நிலம், கீழே ஒரு படிக்கட்டு நிலம், நடுவில் கொஞ்சம் சமதரை, அவ்வளவுதான். இதில் நமக்கு ஒரு வசதியும் உண்டு, ஒரு பெரிய ஆபத்தும் உண்டு. வசதி, வீட்டுக்குப் பின்னால் வெட்டிவிட்ட மண்திட்டு. பலகையை அந்தத் திட்டின் முன்னால் நட்டு, மேட்டைப் பார்த்து எறிந்தால், பலகையைத் தவறவிட்ட கோடாலி ஈர மண்ணில் குத்தி நின்றுவிடும். காசு கொடுத்துக் கட்டும் எந்தத் தடுப்பும் இதற்கு ஈடாகாது. திட்டு ஏழெட்டு அடி உயரம் இருந்தால் மிக நல்லது. கல் துருத்திக்கொண்டிருந்தால் அந்த இடத்தைப் பலகையால் மறைத்துவிடுங்கள்.

ஆபத்து எதிர்த் திசையில் இருக்கிறது. ஹப்புத்தளையில் தங்குமிடம் வைத்திருப்பவர்களுக்குப் பள்ளத்தாக்கைப் பின்னணியாக வைத்துப் பலகை நடத் தோன்றும். படம் அழகாக வரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சரிவைப் பார்த்து எறிந்த கோடாலி பலகையைத் தவறவிட்டால் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கீழே தேயிலை மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள். புதர் உயரம் இடுப்பளவு. குனிந்து நிற்பவர் மேலே இருந்து பார்த்தால் தெரியவே மாட்டார். குறுக்குப் பாதையில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் இருப்பார்கள். எறிகிற திசையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு அடி நிலம்கூட இருக்கக் கூடாது.

திட்டு இல்லையே, புதிதாக மண்ணை வெட்டி ஒன்று உண்டாக்கலாமா என்று நினைத்தால், அதுவும் வேண்டாம். 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை நாம் மறக்கவில்லை. ஒரு விளையாட்டுக்காகச் சரிவின் அடியை வெட்டுவது நியாயமில்லை. ஏற்கெனவே இருக்கும் திட்டைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால், பலகைக்குப் பின்னாலும் இரண்டு பக்கமும் தடித்த மரப்பலகையால் எட்டடி உயரத்துக்கு ஒரு மறைப்புக் கட்டுங்கள். தகரம் அடிக்காதீர்கள், கோடாலி பட்டால் தெறிக்கும், ஓட்டையும் விழும். சீமெந்துச் சுவர் அதைவிட மோசம். வலை கட்டினால் போதும் என்று சிலர் சொல்வதையும் நம்பாதீர்கள். சுழன்று வரும் கூர் வலையை அறுத்துக்கொண்டு போகும்.

நீளம் எவ்வளவு வேண்டும்? பலகையிலிருந்து எறிகோடு வரை 12 அடி. எறிபவர் கோடாலியைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோவார். கை வழுக்கினால் அது பின்னால் பறக்கும். ஆகவே அவருக்குப் பின்னால் இன்னும் பத்தடிக்கு யாரும் நிற்கக் கூடாது. அதற்கும் பின்னால்தான் பார்ப்பவர்களுக்கு வாங்கு போட வேண்டும். மொத்தம் 25 அடி நீளம், 12 அடி அகலம் இருந்தால் ஒரு பலகை வைக்கலாம். இரண்டு பக்கமும் கயிறு கட்டிவிடுங்கள். வீட்டுக் கதவு, குளியலறைக்குப் போகும் வழி, கோழிக்கூடு, நாய் படுக்கும் இடம் எதுவும் கயிற்றுக்குள் வரக் கூடாது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை: லயத்து வாசல் யாருக்கும் தனிச் சொந்தமில்லை. எந்த நேரமும் யாராவது தண்ணீர்க் குடத்தோடு குறுக்கே போவார்கள், பிள்ளைகள் பந்துக்குப் பின்னால் ஓடி வருவார்கள். அங்கே இதைச் செய்ய வழியே இல்லை. தொழிலாளர்கள் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களமும் அப்படித்தான், அது எல்லோரும் நடமாடும் இடம்.

தரையைப் பற்றியும் பார்க்க வேண்டும். பலகைக்கும் கோட்டுக்கும் நடுவில் சீமெந்து, ஓடு, கருங்கல் சல்லி, ரப்பர் விரிப்பு ஒன்றும் கூடாது. ரப்பர் மெத்தென்று இருக்கிறது, பாதுகாப்பு என்று நினைப்போம். ஆனால் தாழ்வாக எறிந்த கோடாலி அதில் பட்டால் துள்ளி, எறிந்தவரின் தலை உயரத்துக்கே திரும்பி வரும். வெறும் மண்ணும் அதன்மேல் மரத்தூளும் போதும். மரத்தூள் மழைச் சேற்றையும் உறிஞ்சும், விழுந்த கோடாலியையும் அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். எறிபவர் நிற்கும் இடம் சமமாக இருக்க வேண்டும். சரிவில் நிற்பதைத் தவிர்க்கவே முடியாது என்றால், நடுப்புள்ளியின் ஐந்தடியை எறிபவரின் பாதம் இருக்கும் மட்டத்திலிருந்து அளந்து வையுங்கள்.

சரி, பலகைக்கு வருவோம். கோடாலி ஏன் குத்தி நிற்கிறது, ஏன் தெறிக்கிறது என்று புரிந்துகொண்டால் மற்றது தானாக விளங்கும். சுழன்று வரும் இரும்பின் வேகம் எங்காவது செலவாக வேண்டும். கூர் முதலில் பட்டு, மரமும் மெத்தென்று இருந்தால், நாரை அறுத்துக்கொண்டு உள்ளே போவதிலேயே அந்த வேகம் தீர்ந்துவிடும். பிடியோ தலையின் முதுகோ முதலில் பட்டால், அல்லது கூர் பட்டும் மரம் இடம் கொடுக்காவிட்டால், அந்த வேகம் கோடாலியைத் திருப்பித் தள்ளும். வைரம் பாய்ந்த மரம், காய்ந்து இறுகிய மரம், கணு, ஆணித் தலை, முன்பே குத்தி நிற்கும் இன்னொரு கோடாலி, இவை எல்லாம் இடம் கொடுக்காதவை.

அதனால் நமக்கு வேண்டியது மெத்தென்ற மரம், அதுவும் ஈரம் இருக்கும் மரம். தேக்கு, பலா, மகோகனி என்று உயர்ந்த மரத்தைத் தேடிப்போக வேண்டாம். அவை கதவுக்கும் கட்டிலுக்கும். கோடாலி எறிய அல்பீசியா மிகப் பொருத்தம். வேகமாக வளரும், பாரமில்லாத, மெத்தென்ற மரம், விலையும் குறைவு. பைனஸும் நல்லது, ஆனால் கணு அதிகம். பலகையை நீங்களே புரட்டிப் பார்த்து, நடுப்பகுதியில் கணு இல்லாததாகப் பொறுக்குங்கள். தேயிலைக்கு நிழலாக நிற்கும் சவுக்கு, அதாவது கிரெவிலியா, பச்சையாக அறுத்ததாக இருந்தால் பரவாயில்லை, காய்ந்தால் கடினமாகிவிடும். டர்பன்டைன் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ் பலகைக்கு ஆகாது, ஆனால் பலகையைத் தாங்கும் கால்களுக்கு நல்லது. தோட்டத்தில் நிற்கும் மரம் நம்முடையது இல்லை. அதில் கை வைக்காதீர்கள். மரக்காலையில் போய் ‘இரண்டு அங்குலத் தடிப்பு, ஒன்பது பத்து அங்குல அகலம், நாலடி நீளம், பச்சைப் பலகை’ என்று சொன்னால் அறுத்துத் தருவார்கள். காய்ந்த பலகைக்குக் கூடுதல் காசு கேட்பார்கள். நமக்கு வேண்டியது மலிவாகக் கிடைக்கும் பச்சைதான்.

கட்டும் விதம் இது. தடித்த இரண்டு கால்களை இரண்டடி ஆழத்தில் நட்டு, பின்பக்கம் முட்டுக் கொடுங்கள். அதன்மேல் முக்கால் அங்குல பிளைவுட் ஒன்றோ, குறுக்குப் பலகைகளோ அடியுங்கள். இது நிரந்தரமாக இருக்கும் முதுகு. அதற்கு முன்னால் ஐந்து பலகைகளை நெருக்கமாக, நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். நார் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். கோடாலியின் வாயும் அப்படித்தான் மேலும் கீழுமாக வந்து இறங்குகிறது. நாரோடு நாராகப் புகுந்தால் பிடித்துக்கொள்ளும். பலகையைப் படுக்க வைத்து அடித்தால் நாரைக் குறுக்கே வெட்ட வேண்டிவரும், பாதி எறிகள் விழுந்துவிடும். முன்பலகைகளை ஸ்க்ரூ ஆணியால் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் மட்டும் பூட்டுங்கள். நடுப்பகுதியில் இரும்பு எதுவும் இருக்கக் கூடாது. நடுப் பலகைதான் முதலில் நாராகிப் போகும். அதை மட்டும் கழற்றி மாற்றலாம். சாமான் பெட்டி உடைத்த பழைய பலகைகளில் உள்ளே முறிந்த ஆணி இருக்கும், அவற்றைத் தொடாதீர்கள்.

கட்டி முடித்ததும் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இன்னொரு முட்டுக் கொடுங்கள். ஆடும் பலகையில் கூர் ஆழமாகப் புகாது. செட்டோடு வரும் மடக்குப் பலகைகளை நான் வேண்டாம் என்பது இதனால்தான். மெல்லிய கால், மெல்லிய மரம், ஒவ்வொரு எறிக்கும் ஒரு அங்குலம் பின்னால் நகரும். நாலு மாதத்தில் மழையில் பிரிந்தும் போகும்.

வட்டமாக அறுத்த மரத்துண்டு கிடைத்தால் அது இன்னும் நல்லது. இரண்டடி விட்டம், ஆறு அங்குலத் தடிப்பு, வெட்டுமுகம் எறிபவரைப் பார்த்திருக்க வேண்டும். கூர் நார்களுக்கு நடுவே நுழைவதால் மரம் அதிகம் சிதையாது, நீண்ட நாள் உழைக்கும். வெயிலில் வெடிக்கும் என்பதுதான் குறை. அல்பீசியாத் துண்டு என்றால் பாரமும் கம்மி.

எந்த மரமானாலும் விளையாடுவதற்கு முன்னால் தண்ணீர் தெளித்து ஊறவிடுங்கள். ஊவாப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அடிக்கும் காய்ந்த காற்றில் பலகை இரண்டே நாளில் எலும்பாகிவிடும். அந்த மாதங்களில் முதல்நாள் இரவே ஈரச் சாக்கைப் போர்த்தி வையுங்கள். அட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் இருப்பவர்களுக்கு அதே மாதங்களில் எதிரான கவலை: மழையில் ஊறி ஊறிப் பலகை உளுத்துப்போகும். அவர்கள் மேலே ஒரு சின்னக் கூரை போட்டுக்கொள்ளலாம்.

இப்போது கோடாலி. விறகுக் கோடாலி போதாதா என்று கேட்டீர்கள். போதாது என்பதைவிட, கூடாது என்பேன். அதன் தலை மூன்று நாலு இறாத்தல் இருக்கும், பிடி நீளம், வாய் பிளப்பதற்காகத் தடித்து ஆப்பு வடிவில் இருக்கும். பலகையில் குத்துவதற்குப் பதிலாகப் பலகையைப் பிளந்து விழும். பழகாத ஒருவர் அதைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனால் தோளும் பிசகும். அதோடு அதன் தலை ஆப்பு வைத்து இறுக்கியது. விறகு பிளக்கும் அடிக்காகச் செய்த அந்த இறுக்கம், எறிந்து எறிந்து பக்கவாட்டில் அதிரும்போது தளர்ந்துவிடும். தலை கழன்று பறந்தால் அது எந்தக் கோட்டையும் மதிக்காது.

எறிவதற்கு ஏற்ற கைக்கோடாலியின் தலை ஒன்றரை இறாத்தல் அளவில், அதாவது 600 முதல் 800 கிராம் வரை இருக்கட்டும். பிடி 13 முதல் 17 அங்குலம். வாய் நாலு அங்குலத்துக்குள். பிடி மரமாக இருப்பது நல்லது; ஹிக்கரி மரப்பிடி இதற்குப் பேர்போனது. மரப்பிடி முறியும், ஆனால் மாற்றலாம். வாங்கும்போது பிடியின் அடிமுனையைப் பாருங்கள்: நார் வாயோடு ஒரே திசையில் ஓட வேண்டும், குறுக்காக ஓடினால் சீக்கிரம் முறியும். பிடி நீளமானால் சுற்று மெதுவாகும், நிற்கும் தூரமும் கூடும். ஆகவே எல்லாக் கோடாலியும் ஒரே நீளம், ஒரே எடையாக இருந்தால் விருந்தாளிகளுக்குச் சொல்லிக் கொடுப்பது எளிது.

செட்டாக விற்பவை பல வகை. முழுவதும் ஒரே மெல்லிய எஃகுத் தகட்டில் வெட்டி, பிடியில் நூல் சுற்றி, மூன்றாகப் பையில் போட்டு வரும் செட்தான் மலிவு. அதை வாங்காதீர்கள். எடை போதாததால் எறிபவர் பலம் கூட்டி எறிவார்; மெல்லிய பிடி கையை அறுக்கும்; தெறிப்பதும் அதிகம். தலையும் பிடியும் ஒரே இரும்பாகத் தடித்து அடித்த எஸ்ட்விங் போன்ற கைக்கோடாலிகள் உறுதியானவை, தலை கழலும் பயமே இல்லை. ஆனால் அவை எறிவதற்கென்று செய்தவை அல்ல. அதிர்வு கையில் ஏறும், பிடி கெட்டால் மாற்றவும் முடியாது. டோமஹோக் என்பது இன்னொரு வகை. கோல்ட் ஸ்டீல் போன்ற நிறுவனங்கள் விற்பது பெரும்பாலும் 22 அங்குல ஹிக்கரிப் பிடியோடு வரும். மம்பட்டிக்குப் பிடி போடுவதைப் போல மேலிருந்து செருகும் பிடி. எறிய எறியத் தலை இறுகுமே தவிர, முன்னால் கழன்று பறக்காது. பிடி முறிந்தால் நிமிடத்தில் மாற்றலாம். தனியாகப் பழகுபவருக்கு நான் டோமஹோக்கைச் சொல்வேன். உங்களைப் போல ஒவ்வொரு வாரமும் புது ஆட்களுக்குக் கொடுப்பவர், எறிவதற்கென்றே செய்த மரப்பிடிக் கைக்கோடாலி இரண்டு, உதிரிப் பிடி இரண்டு வாங்குவது நல்லது. மூன்றாவது கோடாலி தேவையில்லை. ஒரு பலகைக்கு ஒரு நேரத்தில் ஒரு கோடாலிதான்.

ஊர்ப் பட்டறையில் அடித்து வாங்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். கைதேர்ந்த கொல்லர் லொறி ஸ்பிரிங் பட்டையில் அருமையாக அடித்துத் தருவார். ஒரே கவலை, அளவுக்கு மீறிக் கடினமாக்கினால் வாய் சில்லாகத் தெறிக்கும். எறிவதற்கு என்று சொல்லி, கொஞ்சம் இளக்கமாகவே பதம் போடச் சொல்லுங்கள். வாய் மடங்கினால் அரத்தால் ராவிக்கொள்ளலாம். சில்லு கண்ணில் தெறித்தால் ஒன்றும் செய்ய முடியாது.

கூர் எவ்வளவு வேண்டும்? தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தி அளவுக்குத் தீட்ட வேண்டாம். அதற்காக மொட்டையாகவும் விடக் கூடாது. மொட்டைக் கோடாலிதான் அதிகம் தெறிக்கும். அரத்தால் ராவி, சாணைக்கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். விளையாட்டு முடிந்த பின் வாயில் எழும் சின்னச் சின்ன இரும்புப் பிசிறுகளை அப்போதைக்கப்போது நீக்குங்கள். கையைக் கீறுவது பெரும்பாலும் கூர் அல்ல, அந்தப் பிசிறுதான். நம்ம பனியில் ஒரே இரவில் துருப் பிடிக்கும். துடைத்து, மெல்லிசாக எண்ணெய் பூசி, உறையில் போட்டு வையுங்கள். பிடியில் மட்டும் எண்ணெய் படக் கூடாது.

கனடாவிலிருந்து மச்சான் கொண்டு வருவதாக இருந்தால், விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள்; உறை போட்டுப் பெரிய பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். இங்கே பஸ்ஸில் கொண்டுபோகும்போதும் உறைக்குள், பைக்குள் இருக்கட்டும். வெறுங்கையில் கோடாலியோடு டவுனில் இறங்கினால் பொலிஸ் கேட்கத்தான் செய்யும், கேட்பதும் நியாயம்.

எறிவதில் பலத்துக்கு வேலையே இல்லை. இதைப் புது ஆட்கள் நம்பமாட்டார்கள், குறிப்பாக இளவட்டங்கள். முதல் எறியிலேயே பலகையை உடைக்கப் பார்ப்பார்கள். நீங்களே ஒருமுறை மெதுவாக எறிந்து குத்திக் காட்டுங்கள். இரண்டு கையாலும் பிடியின் அடிப்பக்கத்தைப் பிடித்து, பலகைக்கு நேராக நின்று, கோடாலியைத் தலைக்கு மேலாகப் பின்னால் கொண்டுபோய், நேராக முன்னால் கொண்டுவந்து, கைகள் முகத்துக்கு நேரே நீண்டதும் விட வேண்டும். மணிக்கட்டை மடக்கக் கூடாது, வலிந்து சுழற்றவும் கூடாது. சுற்று தானாக வரும். வாய் சாயாமல் நேர்க்கோட்டில் இருக்கிறதா என்று எறிவதற்கு முன்னால் பாருங்கள்.

குத்தாவிட்டால் பலம் கூட்டச் சொல்லாமல் தூரத்தை மாற்றச் சொல்லுங்கள். தலை கவிழ்ந்து, பிடி மேலே தூக்கியபடி பட்டால் சுற்று அதிகமாகிவிட்டது; அரை அடி முன்னால் வர வேண்டும். பிடியின் அடி முதலில் பட்டால் சுற்று போதவில்லை. அரை அடி பின்னால் போக வேண்டும். உயரமானவர், குட்டையானவர், வேகமாக எறிபவர் என்று ஆளுக்கு ஆள் இது மாறும். ஒருவர் தொடர்ந்து நாலைந்து எறி தெறிக்கவிட்டால் நிறுத்தி, பலகையில் ஈரம் இருக்கிறதா, வாய் மழுங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி கோடாலியைக் கையில் கொடுக்க வேண்டும்.

கையில் கொடுப்பது என்று எழுதிவிட்டேன், உண்மையில் கைக்குக் கை கொடுக்கவே கூடாது. கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரக்கட்டை வையுங்கள். எறிந்தவர் எடுத்துவந்து அதில் குத்தி வைப்பார், அடுத்தவர் அங்கிருந்து எடுத்துக்கொள்வார். கோட்டுக்கு முன்னால் ஒருவர் இருக்கும்வரை வேறு யார் கையிலும் கோடாலி இருக்கக் கூடாது. விழும் கோடாலியைப் பிடிக்கவோ காலால் தடுக்கவோ கூடாது. விலகி நிற்க வேண்டும். பலகையில் குத்தி நிற்பதைப் பிடுங்கும்போது முகத்தைப் பார்த்து இழுக்காமல், பிடியை மேலும் கீழும் அசைத்துத் தளர்த்தி எடுக்க வேண்டும். எடுத்துவரும்போது தலைக்கு அருகில் பிடித்து, வாய் கீழே பார்க்க, நடந்து வர வேண்டும். ஓடக் கூடாது. ஒவ்வொரு எறிக்கும் முன்னால் தலை ஆடுகிறதா, பிடியில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒரு பார்வை. இதையெல்லாம் அறிவிப்புப் பலகையில் எழுதி மாட்டினால் யாரும் படிக்கமாட்டார்கள். நீங்களோ நீங்கள் பழக்கிய ஒருவரோ கோட்டுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்ல வேண்டும். அப்படி நிற்க ஆள் இல்லாத நேரத்தில் கோடாலி பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். விருந்தாளிகள் தாங்களே எடுத்து விளையாடும்படி முற்றத்தில் விட்டுவைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

காலில் சப்பாத்து கட்டாயம். ரப்பர் செருப்போடு யாரையும் கோட்டுக்கு விடாதீர்கள். வழுக்கும், விரலும் திறந்திருக்கும். செருப்போடு வருபவர்களுக்காக இரண்டு மூன்று அளவில் பழைய சப்பாத்து வைத்திருப்பது நல்லது. சால்வை, தொங்கும் முந்தானை, கைச்சங்கிலி வேண்டாம். கையுறை போட்டால் கோடாலி நேரத்துக்குக் கையை விட்டு விலகாது, அதனால் அதுவும் வேண்டாம். கண்ணாடி போடுவது நல்லது. கை துடைக்க ஒரு துணி எப்போதும் தொங்கட்டும்.

மது குடித்தவர் கோடாலியைத் தொடக் கூடாது. ஒரு போத்தல் பியர்தானே என்பார்கள், காசு கொடுத்த விருந்தாளி முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். கலியாணம், பிறந்தநாள் என்று கூட்டமாக வந்தால் விளையாட்டைப் பகலிலேயே முடித்து, கோடாலியைப் பூட்டிய பிறகுதான் மற்றவை. ஹப்புத்தளையில் பிற்பகலில் மூடுபனி எந்த நேரமும் இறங்கும். பலகைக்குப் பின்னால் இருக்கும் திட்டு தெளிவாகத் தெரியாவிட்டால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். மழை தூறினாலும் அப்படித்தான். பலகைக்கு ஈரம் நல்லது, கைக்கும் காலுக்கும் அல்ல.

பிள்ளைகளுக்கு என்ன செய்வது? பன்னிரண்டு வயதுக்குக் கீழே இரும்புக் கோடாலி வேண்டாம் என்பது என் முடிவு. அதற்கு மேலும், தாயோ தகப்பனோ பக்கத்தில் நிற்க, இரண்டு கையாலும் பிடிக்கும் பலம் இருந்தால் மட்டும். சின்னவர்களுக்கு, தூரிகை மாதிரி முட்கள் உள்ள பலகையில் ஒட்டி நிற்கும் பிளாஸ்டிக் கோடாலிச் செட் கிடைக்கிறது. அதை வாங்கி, வீட்டின் மற்றப் பக்கத்தில் வையுங்கள். ஒரே இடத்தில் இரண்டையும் வைத்தால் சின்னது பெரியதற்கு ஆசைப்படும். பெரியவர்கள் எறியும்போது சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் தனியாக இருக்க வேண்டும். எறிந்துகொண்டே பார்த்துக்கொள்கிறேன் என்பது நடக்காது.

முதலுதவிப் பெட்டி எறிகோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்: தடித்த சுத்தமான துணி, அகலமான கட்டுத்துணி, கத்தரிக்கோல். வெட்டுப்பட்டால் துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடித்து, கையோ காலோ உயர்த்தி வைக்க வேண்டும். கோப்பித்தூள், மஞ்சள், தேயிலைத்தூள் ஒன்றும் அப்பக் கூடாது. வைத்தியசாலையில் அதைக் கழுவி எடுப்பதற்குள் காயம் இன்னும் கெடும். கூர் உடம்பில் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், அசையாமல் துணி சுற்றிப் பிடித்தபடியே கொண்டுபோங்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஆனால் நம்ம மலைப்பாதையில் வந்துசேர நேரமெடுக்கும். வீட்டுக்கு வரும் வழியை இரண்டு வரியில் எழுதிப் பெட்டி மூடியிலேயே ஒட்டி வையுங்கள், பதற்றத்தில் வழி சொல்ல வாய் வராது. சின்னக் கீறலானாலும் மண் பட்டிருந்தால் ஏற்பு ஊசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். தங்குமிடத்துக்குக் காப்புறுதி இருந்தால், இந்த விளையாட்டையும் அது ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு விருந்தாளிகளுக்குத் திறங்கள்.

கோடாலி இரவில் எங்கே இருக்கும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பூட்டிய பெட்டி, சாவி உங்கள் கையில். திருட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. எந்த வீட்டிலும் சண்டை வரும் நாள் உண்டு, எந்தத் தங்குமிடத்திலும் குடித்துவிட்டு வாக்குவாதம் வரும் நாள் உண்டு. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் இடத்தில் இது இருக்கக் கூடாது.

ஆக, முதலில் மண்திட்டையும் சமதரையையும் அளந்து பாருங்கள். 25 அடி வராவிட்டால் செலவு செய்யாதீர்கள். வந்தால் மரக்காலைக்குப் போங்கள். கோடாலி வந்துசேரப் பல வாரம் ஆகும், அதற்குள் பலகை கட்டிவிடலாம். கட்டியதும் விருந்தாளிகளைக் கூப்பிடாமல், பத்துக்கு எட்டு எறியாவது குத்தி நிற்கும்வரை நீங்களும் உதவிக்கு நிற்கப்போகும் ஆளும் எறிந்து பழகுங்கள். மரக்காலையில் அல்பீசியா இல்லை, வேறு மரம்தான் தருகிறார்கள் என்றால் மரத்தின் பெயரையும், அறுத்து எத்தனை நாளாயிற்று என்பதையும் எழுதுங்கள் தம்பி, அதற்கு ஏற்றபடி தடிப்பைச் சொல்கிறேன்.